வெதுவெதுப்பும் உறைமோரும்

பாகூர் கொம்யூனில் இருக்கும் என் சித்தியின் வீட்டுப் பரணில் ஒரு பிரெஞ்சுக் கருவி கிடக்கிறது. வட்டமான வெண்ணிற அடிப்பாகம், அதன்மேல் கண்ணாடியைப் போன்ற மூடி, உள்ளே ஏழு சிறு குவளைகள். பாரீசில் வேலை செய்யும் மகன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. ‘யவூர்த்தியேர்’ என்று அவன் சொன்ன பெயர் சித்தியின் வாயில் நுழையாததால் ‘தயிர் மெஷின்’ ஆயிற்று. நான்கு மாதம் புழங்கியபின் பரணுக்குப் போய்விட்டது. குவளைகள் மட்டும் கீழே தங்கிவிட்டன. ஒன்றில் கடுகு, ஒன்றில் வெந்தயம், ஒன்றில் பெருங்காயம். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டேன். "தயிர் தோயத்தான் தோயுது. ஆனா நம்ம தயிரா இல்லையே" என்றார் சித்தி.

நாவின் பழக்கத்தைத்தான் சொல்கிறார் என்று அன்று எண்ணிக்கொண்டேன். பின்னர் தயிரின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அந்த ஒரு வாக்கியத்தில் நுண்ணுயிரியல் முழுவதும் அடங்கியிருப்பது தெரிந்தது. அதை விளக்கிச் சொல்லும் முயற்சியே இக்கட்டுரை.

*

முதலில் கருவி. அதன் வேலை மிக எளியது. அடியில் ஒரு சிறு மின்சூடேற்றி இருக்கிறது. பாலை நாற்பது முதல் நாற்பத்தைந்து பாகை செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பில் எட்டு மணி நேரம் ஆடாமல் அசையாமல் அது வைத்திருக்கும். பத்துப் பதினைந்து வாட் மின்சாரம் போதும். ஓர் இரவுக்குச் செலவாவது ஒரு யூனிட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. கருவி தயிரைச் செய்வதில்லை. வெப்பத்தைக் காவல் காக்கிறது, அவ்வளவே.

இந்தக் காவல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை ஐரோப்பாவின் தட்பவெப்பத்தில் இருக்கிறது. பால் புளிப்பது உயிருள்ள பொருளின் செயல் என்பதை லூயி பாஸ்தர் 1857ஆம் ஆண்டு லீல் நகரில் எடுத்துக்காட்டினார். புளித்த பாலிலிருந்து ஒரு நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்ப்பதில் 1870களில் ஜோசப் லிஸ்டர் வெற்றி கண்டார். பல்கேரிய மாணவர் ஸ்தாமென் கிரிகோரோவ் 1905இல் ஜெனீவாவின் ஆய்வுக்கூடமொன்றில் தம் நாட்டுத் தயிரை ஆராய்ந்து, ‘பல்கேரிக்குஸ்’ என்று பின்னர் பெயர்பெற்ற கோலுருவ நுண்ணுயிரைக் கண்டறிந்தார். பாரீசின் பாஸ்தர் நிறுவனத்தில் இருந்தவரும் 1908இல் நோபல் பரிசு பெற்றவருமான எலி மெச்னிகோவ், பல்கேரிய உழவரின் நீண்ட ஆயுளுக்கு இந்தத் தயிரே காரணம் என்று வாதாடினார். முதுமையைத் தள்ளிப்போடும் மருந்து என்று நகரத்தார் தயிரைத் தேடத் தொடங்கினர். 1919இல் பார்சலோனாவில் ஐசக் கராசோ தொடங்கிய தயிர் நிறுவனம் தன் சரக்கை முதலில் மருந்துக்கடைகளில்தான் விற்றது. மகன் டானியேலின் செல்லப்பெயரே நிறுவனத்தின் பெயராயிற்று. 1929இல் அந்த மகன் அதைப் பிரான்சுக்குக் கொண்டுசென்றார். இன்று உலகம் அறிந்த ‘டனோன்’ அதுதான்.

பால்கன் மலைநாட்டிலிருந்தும் துருக்கியிலிருந்தும் சென்ற அந்தத் தயிர் நுண்ணுயிர்கள் சூட்டை விரும்புபவை. நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று பாகையில்தான் அவை செழிக்கும். பாரீசின் சமையலறை குளிர்காலத்தில் பதினெட்டு பாகையில் நிற்கும். அங்கே பாலில் உறை ஊற்றி மூடிவைத்தால் விடியும்போதும் பாலாகவே இருக்கும். கம்பளியால் சுற்றுவது, கணப்பின் அருகே வைப்பது என்றெல்லாம் செய்து பார்த்தவர்களுக்கு, 1970களில் வீட்டுப்பொருளாகப் பரவிய மின்கருவி பெரும் விடுதலையாக இருந்திருக்கும். இல்லாத ஒரு வெதுவெதுப்பைப் பெட்டியில் அடைத்துத் தந்தது அது.

அந்தப் பெட்டி பாகூருக்கு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. பிரெஞ்சிந்தியாவைக் கொம்யூன்களாகப் பகுத்த 1880ஆம் ஆண்டு ஆணையில் வில்லியனூரும் பாகூரும் இடம்பெற்றன. 1954இல் ஆட்சி கைமாறியது. 1962இல் அது சட்டப்படி உறுதியானது. ஆட்சி போனாலும் கொம்யூன் என்ற சொல் போகவில்லை. பிரான்சுக்கும் இவ்வூர்களுக்கும் இடையிலான குடும்பப் போக்குவரத்தும் நிற்கவில்லை. அந்தப் போக்குவரத்தின் சுமைகளில் ஒன்றாகத்தான் இந்தக் கருவியும் வந்தது.

*

நம் பக்கத்து வரலாறு வேறு இடத்தில் தொடங்குகிறது. ஐரோப்பியர் வெப்பத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்கள் என்றால், நம் புலவர்கள் உறையைப் பற்றி எழுதினார்கள்.

புறநானூற்றின் 276ஆம் பாடல் மதுரைப் பூதன் இளநாகனார் பாடியது. ஒரு முதிய தாயின் மகன் போர்க்களத்தில் தனியொருவனாகப் பகைப்படையைக் கலங்கடிக்கிறான். அதற்குப் புலவர் தேர்ந்த உவமை, ஆய்ப்பெண் தன் நகநுனியால் குடம் நிறைந்த பாலில் தெறிக்கும் சிறு துளி உறை. வீரத்துக்கு வேலையோ களிற்றையோ உவமை தேடாமல், சமையற்கட்டுக்குள் ஒரு விரல்நுனியைக் கண்டிருக்கிறார். நுட்பமான அவதானம் இது. துளி சிறியது, குடம் பெரியது. ஆனால் மாறப்போவது குடம்தான். நுண்ணுயிர்ப் பெருக்கம் என்ற கருத்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதன் விளைவைத் துல்லியமாக ஒருவர் பார்த்து வைத்திருக்கிறார்.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் ஆய்மகள், பறவைகள் எழும் விடியலில் மத்தின் ஒலி புலியின் உறுமலாகக் கேட்கத் தயிர் கடைகிறாள். உறை இட்டுத் தோய்த்த அந்தத் தயிரின் கட்டிகளுக்கு வெண்காளானின் மொட்டு உவமை. மோரை விற்றுக் கிடைப்பதில் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்யை விற்கும்போது பொன்னைக் கொள்ளாமல் எருமையும் பசுவும் பெறுகிறாள். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனின் நாட்டுக்குச் செல்லும் வழியில் புலவர் காட்டும் காட்சி இது. ஒரு பொருளாதாரமே அந்தப் பானையைச் சுற்றி நடக்கிறது. அதன் உரிமையாளர் ஒரு பெண்.

சிலப்பதிகாரத்தில் இதே பானை அச்சமூட்டுகிறது. கோவலன் மதுரைக்குள் சென்றபின், ஆயர்பாடியில் குடத்தில் இட்ட பால் உறையவில்லை. உருக வேண்டிய வெண்ணெய் உருகவில்லை. ஏறுகளின் கண்களில் நீர் சொரிகிறது. ஏதோ தீங்கு வருகிறது என்று மாதரி உணர, ஆய்ச்சியர் குரவை ஆடுகிறார்கள். அவ்வளவு தீக்குறிகளுக்கிடையே பால் தோயாமையும் ஒரு குறி. நாள்தோறும் தவறாமல் நடந்துவந்த ஒன்று நின்றுபோனால்தான் அது தீக்குறி ஆகும். தயிர் தோய்வது சூரியன் உதிப்பதைப் போன்ற உறுதியாக அவர்களுக்கு இருந்திருக்கிறது. கருவி இல்லாமலே.

இங்கே சொல்லொன்றையும் கவனிக்கலாம். தங்கி வாழ்தலும் உறைதல். நீர்மம் கட்டியாதலும் உறைதல். ஓர் ஊரில் ஒருவர் உறைகிறார், ஒரு பானையில் பால் உறைகிறது. புரைமோர், பிரைமோர் என்று வட்டாரந்தோறும் பெயர் மாறினாலும் இலக்கியத்தில் நின்றது உறை என்ற சொல்தான். இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு வீட்டின் தயிரில் அந்த வீட்டில் உறையும் உயிர்களே இருக்கின்றன என்று இன்றைய அறிவியல் சொல்லும்போது அந்தச் சொல் கூடுதலாக ஒளிர்கிறது.

*

கோயில் கல்வெட்டுகளிலும் தயிர் உண்டு. தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுகள் இறைவனுக்குப் படைக்கும் அரிசி, நெய், பருப்போடு தயிரையும் அளவு குறித்துச் சொல்கின்றன. அதைவிடப் பெரிய சான்று நந்தா விளக்கில் ஒளிந்திருக்கிறது. ஒரு விளக்கு இடையறாது எரியத் தொண்ணூற்றாறு ஆடுகளைக் கொடுத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க இடையர்களைப் பொறுப்பாக்கும் கல்வெட்டுகள் சோழ மண்டலத்திலும் தொண்டை மண்டலத்திலும் ஏராளம். நம் நாட்டில் நெய் எடுக்கும் முறை தயிர் வழியானது. பாலைத் தோய்த்து, தயிரைக் கடைந்து, வெண்ணெயை உருக்க வேண்டும். ஆகவே அணையாத ஒவ்வொரு விளக்குக்குப் பின்னாலும் ஒவ்வோர் இரவும் தோய்ந்த ஒரு தயிர்ப்பானை இருந்தது.

பாகூரும் எழுத்துச் சான்றுக்குக் குறைந்த ஊரன்று. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பதிவுசெய்கிறது. ஊர்களின் பெயர் தெரிகிறது, அரசனின் மரபு தெரிகிறது. கற்றோரின் இலையில் விழுந்த மோருக்கு உறை ஊற்றிய கை தெரியவில்லை. செப்பேட்டுக்கும் கல்வெட்டுக்கும் கொடுத்தவரும் பெற்றவருமே முக்கியம். செய்தவரைப் பார்க்க நாம் பாட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

*

இனி ஊருக்குள் வருவோம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர்பெற்றது பாகூர்ப் பகுதி. நெல் இருந்தால் வைக்கோல். வைக்கோல் இருந்தால் மாடு. மாடு இருந்தால் தயிர். மே மாதத்துப் பகலில் இங்கே வெப்பம் முப்பத்தேழு பாகையைத் தொடும். அப்போது காய்ச்சி ஆறிய பாலில் கரண்டி நுனியளவு உறை போதும். நான்கைந்து மணி நேரத்தில் தோய்ந்து, மாலைக்குள் புளிக்கவும் தொடங்கிவிடும். தை மாதத்து இரவில் வெப்பம் இருபத்தொரு பாகை வரை இறங்கும். அப்போதுதான் சிக்கல். அதற்கான வழிகளும் இருந்தன. பால் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே உறை ஊற்றுவார்கள். உறையின் அளவைக் கூட்டுவார்கள். சட்டியைத் துணியால் சுற்றி அரிசிப்பானைக்குள் புதைப்பார்கள். அல்லது இரவு அடுப்பு அணைந்தபின் சாம்பலின் கதகதப்பில் வைப்பார்கள். நெல்லும் சாம்பலும் செய்த வேலையைத்தான் மின்சூடேற்றி செய்கிறது.

மண்சட்டி இதில் பாதி வேலையைச் செய்தது. வில்லியனூர் வட்டாரத்துச் சுடுமண் கைவினை இன்று புவிசார் குறியீடு பெற்றது. பொம்மைகளுக்கும் சிற்பங்களுக்கும் பெயர்போனது. ஆனால் எந்தக் குயவர் தெருவுக்கும் அன்றாடச் சோறு போட்டவை சட்டியும் பானையும்தான். மண்சட்டியின் நுண்துளைகள் தயிரின் நீரை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் கெட்டியாகிறது. உறிஞ்சிய நீர் வெளிப்புறத்தில் ஆவியாவதால் சட்டி குளிர்ந்து, கோடையில் புளிப்பு ஏறுவது சற்றே மட்டுப்படுகிறது. மட்டக்களப்பில் எருமைத் தயிர் சட்டியோடு விற்கப்படுவதும் இதனால்தான். வெப்பத்தைக் கூட்டுவதற்குக் கருவி கண்டது ஐரோப்பா; வெப்பத்தைத் தணிக்கும் கருவி குயவரின் சக்கரத்திலிருந்து நமக்கு எப்போதோ கிடைத்துவிட்டது.

உறை தீர்ந்துபோன வீட்டுக்கு அண்டைவீடு இருந்தது. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் மோர். அது கடனாகக் கணக்கு வைக்கப்படாத கடன். விளக்கு வைத்தபின் உப்பையும் மோரையும் கொடுப்பதில்லை என்ற நம்பிக்கை இருந்ததால், பொழுது சாயுமுன் ஓடிப்போய் வாங்கிவர வேண்டும். வேறு வழியில்லாதபோது மிளகாய்க் காம்பைப் பாலில் போட்டுத் தோய்ப்பார்கள். காம்பில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களே உறையாகும். மிளகாய் நமக்குப் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியே வந்தது என்பதால் இந்த உத்தி அதற்குப் பிந்தியதாகத்தான் இருக்க வேண்டும். அதற்கும் மிக முந்திய தைத்திரீய சம்ஹிதை பலாசப்பட்டை, இலந்தை, பூதிகக் கொடி ஆகியவற்றைக் கொண்டு பால் தோய்ப்பதைப் பேசுகிறது. உறை இல்லாத நாளை மனிதர் எப்போதும் சந்தித்திருக்கிறார்கள்.

இந்தக் கொடுக்கல் வாங்கலை இனிய கிராமக் காட்சியாக மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது பாதி உண்மை. உறைமோர் சென்ற தூரம் தெருவின் தூரம்தான். ஊருக்கும் சேரிக்கும் இடையிலான கோட்டை அந்தக் கிண்ணம் தாண்டியதில்லை. பண்ணையில் உழைத்தவருக்கு நண்பகலில் மோர் கிடைத்தது. உயரத்திலிருந்து குவித்த கையில் ஊற்றப்பட்ட, வெண்ணெய் எடுத்த மோர். உறை என்று கேட்டு வாங்கி, தம் வீட்டுப் பாலில் ஊற்றிக்கொள்ளும் நிலை மாடில்லாத வீட்டுக்கு வாய்க்கவில்லை. ஆகவே பழைய உறைமோர்ப் பரிமாற்றம் மறைந்ததற்காக எல்லோரும் ஒரே அளவில் வருந்த வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கடையில் காசு கொடுத்து வாங்கும் தயிர்ப் பொட்டலம் யாருடைய கையையும் பார்ப்பதில்லை. அதில் ஒரு சமத்துவம் இருக்கிறது.

*

பொட்டலம் எப்படி வந்தது? 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சிக்குப் பின் பால் நாடெங்கும் கூட்டுறவுச் சங்கங்களின் பாதையில் ஓடலாயிற்று. புதுச்சேரியில் அந்தப் பாதையின் பெயர் பாண்லே. காலையும் மாலையும் கறந்த பால் அளந்து ஊற்றப்பட்டுப் பணமாகத் திரும்புகிறது. மாடு வைத்திருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு அது உறுதியான வருமானம். பெண்களின் கையில் நேராகச் சேரும் பணமாகவும் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால் கறந்த பால் முழுவதும் வெளியே போய்விட, மாட்டுக்காரர் வீட்டிலேயே தயிர்ப் பொட்டலம் வாங்கும் காலம் வந்தது. விறகடுப்பு போய் எரிவாயு வந்தது. புகையிலிருந்து பெண்களின் கண்களும் நுரையீரலும் தப்பின. கூடவே சாம்பலின் கதகதப்பும் போயிற்று. குளிர்பதனப்பெட்டி வந்தபின் நாள்தோறும் தோய்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. நாள்தோறும் தோய்க்காத வீட்டில் உறை தங்காது.

2023 மார்ச்சில் தயிர்ப் பொட்டலத்தின்மேல் ‘தஹி’ என்று அச்சிட வேண்டும் என இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னபோது தமிழ்நாடு கொதித்தெழுந்தது. முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கண்டித்தார், அந்த மாத முடிவுக்குள்ளாகவே ஆணையம் பின்வாங்கியது. சொல்லைக் காத்துக்கொண்டோம், மகிழ்ச்சியே. பொட்டலத்துக்குள் இருப்பது என்ன என்ற கேள்வி மட்டும் எழவில்லை. ஆலைத் தயிருக்கு ஆய்வுக்கூடத்தில் வளர்த்த, எண்ணித் தேர்ந்த சில வகை நுண்ணுயிர்களே உறை. ஒவ்வொரு நாளும் ஒரே சுவை தரவேண்டிய தொழிலுக்கு அது தேவைதான். வீட்டு உறை அப்படியன்று. அதில் பல வகை உயிர்கள் கூடி வாழ்கின்றன. வீட்டுக்கு வீடு அவற்றின் விகிதம் மாறுகிறது.

*

இப்போது சித்தியின் வாக்கியத்துக்குத் திரும்பலாம். நம் வீட்டுத் தயிரை உருவாக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பங்கு மிதமான வெப்பத்தை விரும்புபவை. இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து பாகை அவற்றுக்கு உகந்தது. லிஸ்டர் பிரித்தெடுத்தது இந்த இனத்தைத்தான். நம் தயிருக்குரிய மென்மணத்தைத் தருபவையும் இவைதான். கூடவே சூடு விரும்பும் சில உயிர்களும் அதே உறையில் சிறுபான்மையாக இருக்கும். சித்தி தம் வீட்டு உறையைத்தான் கருவியின் குவளைகளில் இட்டார். ஆனால் நாற்பத்துமூன்று பாகையில் மிதவெப்ப உயிர்கள் தளர, சூடு விரும்பும் சிறுபான்மை பெருகியது. மறுநாள் அந்தத் தயிரிலிருந்தே உறை எடுத்தார். அதில் அவற்றின் பங்கு இன்னும் கூடியது. சில வாரங்களில் குவளைக்குள் இருந்தது வேறொரு கூட்டம். பால் அதே மாட்டின் பால், உறை அதே வீட்டின் உறை, கை அதே கை. வெதுவெதுப்பு மட்டும் வேறு நாட்டினது. அந்த வெதுவெதுப்பே மெல்ல மெல்ல உறையைத் தன் நாட்டு உறையாக மாற்றிவிட்டது.

வெப்பம் வேறு, உறை வேறு என்று பிரித்து எண்ணிக்கொண்டிருந்த எனக்கு இது ஒரு பாடமாக அமைந்தது. நாம் எந்தச் சூட்டில் வைக்கிறோம் என்பது எந்த உயிரைத் தங்கவைக்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது. பாகூரின் தை மாதத்தையும் சித்திரை மாதத்தையும் ஆண்டுதோறும் கடந்துவந்த ஒரு கூட்டம் சித்தியின் சட்டியில் இருந்தது. நான்கு மாதச் சீரான சூட்டில் அது கலைந்துவிட்டது. கருவியின்மேல் குற்றமில்லை. பாரீசின் குளிருக்கு அது சரியான விடை. இங்கே அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. தை மாதத்தில் வேண்டுமானால் ஒரு மணி நேரம் ஓடவிட்டு நிறுத்திவிடலாம். மிச்சத்தை மூடியும் துணியும் பார்த்துக்கொள்ளும்.

கருவியைப் பரணில் ஏற்றியபின், கலைந்துபோன உறைக்குச் சித்தி என்ன செய்தார் என்று கேட்டேன். முன்பு தம்மிடம் உறை வாங்கிப்போன இரண்டு வீடுகளை நினைவுபடுத்திக்கொண்டாராம். முதல் வீட்டில் பொட்டலத் தயிர்தான். இரண்டாம் வீட்டில் ஒரு மூதாட்டி இன்னும் நாள்தோறும் தோய்த்துக்கொண்டிருந்தார். விளக்கு வைக்குமுன் ஒரு கிண்ணத்தில் வாங்கிவந்துவிட்டாராம். "நான் குடுத்ததுதான், திரும்பி வந்துச்சு" என்றார்.

அந்த மூதாட்டியும் தோய்ப்பதை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.